பொத்திய வலைக்கு வாய் இல்லை

மகன்,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை எழுதினால் அதுவே பொய்ச்சாட்சி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். அன்பு இல்லாமல் போகவில்லை. அது அடியில் கிடக்கிறது, மேலே கிடப்பது கோபம். எந்தப் பானையிலும் மேலே கிடப்பதைத்தான் முதலில் அள்ள வேண்டும், ஆகவே முதலில் இதை வாங்கிக்கொள்.

நான் போன் எடுத்தால் நீ தூக்குவதில்லை. அப்பாவுக்கு எடுக்கிறாய், கால் நோகுதா, சாப்பிட்டீங்களா என்று இரண்டு வார்த்தை கேட்கிறாய், நான் கையை நீட்டும் முன்னர் லைன் போய்விடுகிறது. கத்தாரில் உள்ள போன்களுக்கு என் குரல் கேட்டால் மட்டும் சிக்னல் அறுந்துவிடும் போலிருக்கிறது. வாட்சப்பிலும் என்னை அடைத்து வைத்திருக்கிறாய். நல்லது. நம் மீனவர் சங்கம் இந்த முறை ஆண்டு மலர் போடுகிறது. பாலர் பாடசாலை நடத்துகிறவள் என்பதால், பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி என்னிடம் கேட்டார்கள். பிள்ளை வளர்ப்பில் என் கெட்டித்தனம் எவ்வளவு என்பது உன்னைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் கட்டுரைக்குப் பதில் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். மலர் வெளிவந்த அன்றே அதைப் படம் பிடித்து டோஹாவுக்கு அனுப்ப இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உன் அறையில் படுக்கிற நம் ஊர்ப் பொடியன்கள் வாசித்துவிட்டு உன் கட்டில் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களை எந்தப் பட்டனை அமத்தி அடைப்பாய் என்று பார்க்கிறேன். வழக்கு நடக்கிறபடியால் யாருடைய பெயரையும் எழுதக் கூடாது என்று நம் வழக்கைப் பேசுகிற சட்டத்தரணிப் பிள்ளை கட்டளை போட்டிருக்கிறாள். எழுதவில்லை.

வாசிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ அங்கே நின்றவன். ஒரு விடியற்காலை உன் அப்பா வாவியில் போட்ட வலையை எடுக்கப் போனார். முன்னால் அவருடைய தோணி, கொஞ்சம் தள்ளிப் பின்னால் இரவல் தோணியில் நீ. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. அப்பா குனிந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தார். அப்போது பாலத்துப் பக்கமிருந்து ஒரு இயந்திரப் படகு வந்தது, உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற படகு. அன்றைக்கு அதில் பயணிகள் இல்லை, பாட்டு மட்டும் உரக்கக் கேட்டது. வலை மிதப்புகள் தெரிகிற இடத்தில் வேகத்தைக் குறைத்து விலத்திப் போக வேண்டும் என்று இந்தக் கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் படகு நேரே வலைக்கு மேலாக வந்து தோணியை அடித்தது. அப்பா வலையோடு தண்ணீருக்குள் போனார். படகின் அடியில் சுழல்கிற விசிறி முதலில் வலையை அரிந்தது, பிறகு அவருடைய வலது காலை அரிந்தது. படகு கொஞ்சத் தூரம் போய் நின்றது. ஓட்டினவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நீ குதித்தாய். காலைச் சுற்றிக் கிடந்த வலையோடு சேர்த்து அப்பாவை இழுத்துத் தோணியில் போட்டு, கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, உன் சேட்டைக் கழற்றி அவர் தொடையை இறுக்கிக் கட்டி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாய். அன்றைக்கு நீ செய்ததற்கு உன் காலில் விழலாம், அதை நான் எந்தச் சபையிலும் சொல்லுவேன். கால் போய்விட்டது, ஆள் தப்பினார். நான் ஓடி வந்து சேர்ந்தபோது நீ சத்திர சிகிச்சைக் கூடத்தின் வாசலில் மேல்சட்டை இல்லாமல் நின்றாய். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "அம்மா, கிறுகிப் பாத்தவன். நான் கண்டனான். அவன்தான்" என்றாய். பெயரையும் சொன்னாய். எனக்குத் தெரிந்த பெயர். உன்னோடு வொலிபோல் விளையாடியவன், நம் வீட்டு விறாந்தையில் இருந்து என் கையால் இறால் கறியும் பிட்டும் சாப்பிட்டவன், அந்தப் படகுகளின் முதலாளியுடைய மகன். அன்று பின்னேரமே பொலிசுக்கும் அதே பெயரைச் சொல்லி வாக்குமூலம் கொடுத்தாய். அந்த ஒரு நாள் முழுக்க நீ என் பிள்ளையாக இருந்தாய்.

வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஒரு தவணையும் தவற விடவில்லை. நீதிமன்ற வாங்கில் குந்தியிருந்து குந்தியிருந்து, சாட்சியத்தில் எத்தனை வகை உண்டு என்பது எனக்குப் பாடமாகிவிட்டது. முதலில் சட்ட வைத்திய அதிகாரி வந்தார். நிபுணர் சாட்சியமாம் அது. நல்ல மனிதர், அப்பாவின் காலில் இருந்த காயம் வேகமாகச் சுழல்கிற கூரான இரும்பு பட்டு வந்தது என்று அவசரப்படாமல் சொன்னார். அந்த இரும்பை ஓட்டியவன் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும். அடுத்தது பெயின்ற். தோணியின் விளிம்பில் ஒட்டியிருந்த நீலப் பெயின்றைச் சுரண்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வருவதற்குள் உன்னிச்சைப் பக்கம் வயல் விதைத்து, வெட்டி, மறுபடியும் விதைத்துவிட்டார்கள். வந்தது, அந்தப் படகின் பெயின்ற்தான் என்றது. அதுவும் படகைத்தான் காட்டித் தந்தது, ஆளைக் காட்டவில்லை. படகுகளைக் கட்டி வைக்கிற துறையில் ஒரு கமரா பூட்டியிருக்கிறார்கள், வருஷம் முழுக்க நாய் போவதையும் நண்டு போவதையும் பிடித்து வைக்கிற கமரா. அன்றைக்கு மட்டும் அதற்குச் சுகமில்லையாம். நம் வாவியில் மீன் பாடும் என்று வெள்ளைக்காரர் வந்து காது வைத்துக் கேட்கிறார்கள். பாடுகிற மீன் ஒன்றாவது வந்து கூண்டில் ஏறுமா என்று கூட ஒரு நாள் யோசித்தேன். என் நிலை அப்படி ஆகிவிட்டது.

எதிரி தரப்பு என்ன சொல்கிறது தெரியுமா? அன்றைக்கு அவன் கொழும்பில் ஒரு கலியாண வீட்டில் நின்றானாம். படகை யாரோ அவிழ்த்துக்கொண்டு போயிருப்பார்களாம். அதற்கு இரண்டு கூட்டாளிமார் சாட்சி. கோட்டுச் சூட்டோடு கோழிக்கால் கடித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்றும் கொடுத்தார்கள். கோழி தெரிகிறது, திகதி தெரியவில்லை. இப்படியாக வைத்தியர், பெயின்ற் எல்லாம் சேர்ந்து அந்தப் படகை அசையாமல் கட்டி வைத்துவிட்டன. படகில் ஓட்டுகிறவன் இருக்கிற இடம் மட்டும் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. அப்பா குனிந்திருந்தவர், அவர் ஓட்டினவனின் முகத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் ஆளைக் கொண்டுவந்து இருத்த உன் கண்ணைத் தவிர வேறு கண் இல்லை.

நாங்களும் ஒன்றும் திறம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அப்பாவின் சாறத்தை ஒரு பையில் சுற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வந்த கையோடு அதை ஊற வைத்து, சவர்க்காரம் போட்டு, கிணற்றடியில் அடித்து அடித்துத் துவைத்துக் காயப் போட்டேன். அழுதுகொண்டேதான் துவைத்தேன். ரத்தம் பட்ட துணியைத் துவைக்காமல் வைத்திருக்கிற பொம்பிளை யார். மறுநாள் பொலிஸ் வந்து சாறத்தைக் கேட்டது. கொடியில் காட்டினேன், பால் போல வெள்ளை. அந்தப் பொலிஸ்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா, எஞ்சின் ஒயில் கறை இருந்திருக்கும், எல்லாத்தயும் கழுவிப்போட்டீங்களே" என்றார். பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சுத்தம் சுகம் தரும் என்று பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

அப்பா என்னை விட ஒரு படி மேலே போனார். வலையைப் பொலிஸ் வழக்குப் பொருளாக எடுத்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். ஈரத்தோடு சாக்கில் போட்டுக் கட்டி வைத்தார்கள். படம் எடுத்தார்கள், அதில் இருப்பது ஒரு குவியல், அது வலையா வைக்கோலா என்று கடவுளுக்குத்தான் தெரியும். நாற்றம் தாங்காமல் போக, வலையைச் சொந்தக்காரரிடமே பிணையில் ஒப்படைக்கும்படி நீதவான் உத்தரவு போட்டார். இருக்கிற நிலையிலேயே வைத்திருந்து கேட்கிற நேரம் கொண்டுவர வேண்டும் என்று அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். வலை வீட்டு மூலையில் கிடந்தது. ஒரு நாள் நான் பாலர் பாடசாலை முடிந்து வந்து பார்க்கிறேன், மனுசன் கதிரையில் இருந்து, இருக்கிற காலின் பெருவிரலில் வலையைக் கொளுவி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயில் நூலோடு, கடைசிக் கண்ணியை முடிந்துகொண்டிருக்கிறார். கால் போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"என்ன வேல பாத்து வச்சிருக்கிறீங்க" என்றேன்.

"பிஞ்சி கிடந்திச்சு புள்ள, பொத்திற்றன்."

"இது கோட்டுக்குக் கொண்டுபோற வலையெல்லோ."

அவர் வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ட கைக்குத் தெரியுமா, இது கோட்டு வலையெண்டு" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே நினைவில்லை. தடயத்தை அழித்ததற்கு அவரையே உள்ளே போடப் போகிறார்கள் என்று பயந்து, அடுத்த பஸ்ஸில் ஏறிச் சட்டத்தரணிப் பிள்ளையிடம் ஓடினேன். அவள் வீட்டுக்கு வந்து, வலையை வளவில் விரிக்கச் சொன்னாள். வெள்ளை நூல் இல்லாமல் அப்பா பச்சை நூலால் பொத்தியிருந்தார். விரித்துப் பார்த்தால் வெள்ளை வலையில் பச்சைக் கீறுகள், சாய்வாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரே அளவு இடைவெளியில் வரிசையாகப் போகின்றன. கத்தியால் வெட்டுகிறவன் அப்படி வெட்ட மாட்டான். கட்டையில் கொளுவிக் கிழிந்தாலும் அப்படிக் கிழியாது. அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு வலையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"அன்ரி, ஐயா பொத்தினதால வெட்டு முந்தியை விட வடிவாத் தெரியுது" என்றாள். "ஆனா வலைக்கு வாய் இல்ல. கோட்டில எந்தச் சாமானும் தானாக் கதைக்காது. இது பொத்த முந்தி எப்பிடி இருந்ததெண்டு சொல்ல ஒராள் வேணும். ஐயா சொன்னா, தானே பொத்திப்போட்டுத் தானே சொல்லுறார் எண்டுவாங்க. தண்ணியில இருந்து வலைய இழுத்தெடுத்த ஆள் வந்து சொல்லோணும்."

தண்ணீரில் இருந்து வலையை இழுத்தெடுத்த ஆள் யார் என்று நான் எழுத வேண்டுமா? முகத்தைக் கண்டவனும் நீ, வெட்டைக் கண்டவனும் நீ. அந்த ஆளுக்கு, சாட்சி சொல்லத் தன் முறை வருகிற தவணைக்கு முந்தின கிழமை கத்தார் விசா வந்தது. எத்தனையோ காலமாக உன் பாஸ்போட்டை லாச்சிக்குள் போட்டு வைத்துக்கொண்டு நாளைக்கு வா, மறுகா வா என்று சொன்ன ஏஜென்சிக்காரனுக்கு, திடீரென்று உன் மேல் எங்கிருந்து இவ்வளவு பாசம் வந்தது. யார் அவனுக்குச் சொல்லிச் செய்வித்தார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அது வெறும் சந்தேகம், சந்தேகம் சாட்சியம் ஆகாது, ஆகவே அதை இந்த இடத்தில் விடுகிறேன். நீயும் அதைச் சந்தேகித்திருப்பாய். சந்தேகித்தும் பெட்டியைக் கட்டினாய். அதுதான் என் கோபம்.

நீ போன பிறகு அப்பாவின் முறை வந்தது. ஊன்றுகோலோடு கூண்டில் ஏறினார். எதிரியின் சட்டத்தரணி அவரை எதிரே நிறுத்தி, முதல்நாள் குடித்தீர்களா, தோணியில் விளக்கு வைத்தீர்களா, வலையை நீங்களே கத்தியால் வெட்டிவிட்டுப் பிறகு அதை மறைக்கத்தானே பொத்தினீர்கள் என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்டார். அப்பா இல்லை ஐயா, இல்லை ஐயா என்று சொல்லிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பொழுதுபட நான் சோற்றைக் கொண்டுபோய் வைத்தபோது, "என்ட வலையப் பொய் எண்டிற்றான்" என்று ஒரே ஒரு வசனம் சொன்னார். காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீ அவரிடம் கால் நோகுதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

அன்றைக்கே நான் சட்டத்தரணிப் பிள்ளையிடம் போய்ச் சொன்னேன், நான் ஏறுகிறேன், என் மகன் ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்ன பெயரை நான் நீதவானிடம் சொல்கிறேன் என்று. அவள் பாவம், தண்ணீர் தந்து என்னை இருத்தி விளங்கப்படுத்தினாள். அது செவிவழிச் சாட்சியமாம். நீ கண்டதை நீ சொன்னால் அது கண்கண்ட சாட்சி, நீ கண்டதாக நான் சொன்னால் அது கேள்விப்பட்ட கதை, தொடக்கத்திலேயே எழும்பி மறுப்பார்கள், எடுபடாது. பொலிசுக்கு நீ சொல்லி எழுதியிருக்கிறதே, அதைக் காட்டுங்கள் என்றேன். அதுவும் போதாதாம். சாட்சி கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணி, குறுக்குக் கேள்விக்கு நின்று பிடித்துச் சொன்னால்தான் அது சாட்சியமாம். எவ்வளவு பெரிய சட்டம், எவ்வளவு நியாயமான சட்டம், கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பானையைப் போட்டு உடைத்தேன். உண்மை எனக்குத் தெரியும். அதைப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஆனால் அதைச் சொல்ல உரிமை உள்ள வாய் டோஹாவில் இருந்து பிரியாணி தின்கிறது.

என்னை அடைத்து வைப்பதற்கு முதல் நீ கடைசியாகக் கதைத்தது என்ன என்று உனக்கு நினைவிருக்கும். "அம்மா, எனக்கு இப்ப சரியா ஞாபகம் இல்ல" என்றாய். பாலர் பாடசாலையில் நாள்தோறும் எனக்கு ஒரு நீதிமன்றம் நடக்கிறது. தள்ளினது யார் என்று கேட்டால் எல்லாரும் "நான் இல்ல ரீச்சர்" என்பார்கள், கண்டது யார் என்று கேட்டால் எல்லாரும் கையைத் தூக்குவார்கள். தெரியாது என்று சொல்கிற பிள்ளையை எனக்குத் தெரியும், மறந்துவிட்டேன் என்று சொல்கிற பிள்ளையையும் எனக்குத் தெரியும். ஆகவே உன்னை நான் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்கிறேன், உன் அறைக்காரர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். படகில் என்ன பாட்டுப் போனது என்று அன்று சொன்னாயா இல்லையா. அந்தப் பாட்டு ஓட்டோவில் போட்டால் இறங்கிப் போகிறவனாக நீ மாறினாயா இல்லையா. அவன் தலையில் தொப்பி பின்பக்கமாகத் திரும்பி இருந்தது என்று சொன்னாயா இல்லையா. திரும்பிப் பார்த்தபோது ஒரு கையைத் தலையில் வைத்தான், பிறகு எடுத்தான் என்று செய்து காட்டினாயா இல்லையா. தொப்பி நினைவிருக்கிறது, கை நினைவிருக்கிறது, பாட்டு நினைவிருக்கிறது. நடுவில் இருந்த முகத்தை மட்டும் எந்த மீன் தின்றது?

நான் துவைத்தேன், அப்பா பொத்தினார், நீ மறந்தாய். மூன்று பேரும் சேர்ந்து அந்த முதலாளி வீட்டுக்கு எவ்வளவு உபகாரம் செய்திருக்கிறோம் பார். எங்கள் இரண்டு பேருடைய கையும் பழக்கத்தால் செய்தது. உன் வாய்தான் அறிந்து செய்தது.

உன்னைப் பற்றி எனக்கு ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது, அதையும் இந்தச் சபையில் வைக்கிறேன். நீ முதலாம் வகுப்புப் படிக்கிற காலம், பக்கத்து வளவு ஆடு நம் கத்தரி முழுவதையும் மேய்ந்துவிட்டுப் போனது. நான் வேலியடிக்குப் போய்க் கேட்டபோது, அந்தப் பொம்பிளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்ட ஆடு கயித்தில நிண்டது, வேற ஆரிட ஆட்டையும் பாருங்க" என்றாள். ஊருக்கே அவள் வாய் என்றால் பயம், எனக்கும் பயம், திரும்பத்தான் பார்த்தேன். நீ என் சேலைக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தாய், மூக்கு ஒழுகிக்கொண்டு. "உங்கட ஆடுதான். காதில வெட்டு இருக்கு. நான் கண்டனான்" என்றாய். சின்னப் பொடியனுக்கு என்ன தெரியும் என்று அவள் சத்தம் போட்டாள். நீ அழத் தொடங்கிவிட்டாய், அழுதுகொண்டே மறுபடியும், "நான் கண்டனான்" என்றாய். அவள் உன் அப்பாவின் பெயரைச் சொல்லி ஏசினாள். நீ அதற்கும் அதையே சொன்னாய். பின்னால் அந்த ஆடு வாயின் ஓரத்தில் கத்தரி இலையோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவள்தான் வாயை மூடினாள். ஆட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்ததை ஆளைப் பார்த்துச் சொல்ல உனக்கு ஏன் நா எழவில்லை?

பயம் என்றால் பயம் என்று சொல். பயத்தை நான் ஏச மாட்டேன், இந்தக் கரையில் எந்தத் தாய்க்கும் பயத்தைப் பற்றி ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. சாட்சி சொல்கிறவர்களைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது என்கிறாள் நம் சட்டத்தரணிப் பிள்ளை, அதற்கும் விண்ணப்பம் போடலாம். சிநேகிதன், ஒன்றாக விளையாடியவன், அவன் வாழ்க்கை கெட்டுப்போகும் என்கிறாயா? அதையும் நான் யோசிக்காமல் இல்லை. அவனுக்குச் சோறு போட்ட கை இது. அன்றைக்கு அவன் படகைத் திருப்பிக்கொண்டு வந்து உன்னோடு ஒரு கை பிடித்து அப்பாவைத் தூக்கியிருந்தால், நான் வழக்கே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அடித்தது பிழை, அது யாருக்கும் நடக்கும். கிறுகிப் பார்த்துவிட்டுப் போனானே, தண்ணீரில் கிடப்பது தனக்குச் சோறு போட்ட வீட்டு மனுசன் என்று கண்ட பிறகும் போனானே, அதற்குத்தான் நான் நீதிமன்ற வாங்கைத் தேய்க்கிறேன். இப்போது நீயும் படகை நிறுத்திக் கிறுகிப் பார்த்துவிட்டுப் போகிறாய் மகன்.

அப்பா உன்னிடம் கேட்க மாட்டார். "நம்மட பொடியன் பிழைக்கட்டும், விடு" என்கிறார். விட்டுவிடுகிற மனுசன் வலையை ஏன் மடித்துப் புதுச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. போன தவணையில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிமன்றச் சேவகர் வாசலில் நின்று மூன்று தரம் உரக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு தரமும் அப்பா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அரைவாசி எழும்பிப் பிறகு இருந்தார். நீதவான் கடைசியாக ஒரு தவணை தந்திருக்கிறார். அதற்கும் சாட்சி இல்லை என்றால் இருக்கிறதை வைத்து முடிப்பேன் என்றார். இருக்கிறது என்ன என்று உனக்குச் சொல்லிவிட்டேன். படகு குற்றவாளியாகும், ஆள் வீட்டுக்குப் போவான்.

வேலை போய்விடும், லீவு தரமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுக்காதே. நீ விமானம் ஏறத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கிற சாட்சி அங்குள்ள நம் தூதரகத்தில் இருந்தபடியே, காணொளியில் நீதவான் முன்னால் சாட்சி சொல்ல வழி இருக்கிறது, நீதிமன்றம் அனுமதித்தால் போதும். விண்ணப்பத்தை அந்தப் பிள்ளை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், நீ ஓம் என்று ஒரு சொல் அனுப்ப வேண்டும். அவளுடைய இலக்கம் அப்பாவின் போனில் இருக்கிறது, கேட்டால் தருவார், ஏன் என்று கேட்க மாட்டார். என்னோடு நீ கதைக்கவே வேண்டாம். அந்தத் திரையில் வலையை விரித்துக் காட்டுவார்கள், பச்சை நூலைக் காட்டுவார்கள், இது முந்தி எப்படி இருந்தது என்று கேட்பார்கள். பிறகு அவன் நிற்கிற எதிரிக்கூண்டைக் காட்டுவார்கள். அவனுடைய சட்டத்தரணி உன் அப்பாவைக் கேட்டது போல உன்னையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்பார், சத்தம் போடுவார். அழுகை வந்தால் அழு, மூக்கு ஒழுகினால் ஒழுகட்டும். அழுதுகொண்டே அன்றைக்கு அந்த வேலியடியில் நின்று சொன்ன அதே இரண்டு சொல்லை மறுபடியும் சொல்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ என்னிடம் தந்த பெயரை நான் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. காலையில் கண் விழித்தால் அதுதான் முதலில் வாயில் வருகிறது, விழுங்கிவிட்டுத் தேத்தண்ணி வைக்கிறேன். அது என் பொருள் இல்லை, உன்னுடையது, வந்து வாங்கிக்கொள். வாங்கிப் போய் நீதவானிடம் கொடுத்துவிட்டு எனக்கு ஒருதரம் போன் எடு. இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில், மகன் என்ற சொல்லுக்கு முன்னால், கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த இடத்தில் அன்புள்ள என்று என் கையால் எழுதித் தருகிறேன்.

அம்மா